கோயில்பிள்ளையின் 7,000 ரூபாய்

கேள்வி: எங்கள் ஆலயத்தில் கோயில்பிள்ளை (கூட்டித் துடைத்து, மணியடிக்கிறவர்) 19 வருடமாக வேலை பார்க்கிறார். மாதம் 7,000 ரூபாய். கூட்டிக் கொடுக்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். "இது ஊழியம், சம்பள வேலை இல்லை. அவரே ஒத்துக்கொண்டுதானே வந்தார்? ‘உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்’ என்று வேதத்திலேயே இருக்கிறது" என்று வாயை அடைத்துவிட்டார்கள். கிறிஸ்தவனாக நான் கேட்டது தப்பா? உங்கள் பதிலை எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா?
(பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: கேட்டது தப்பில்லை. கேட்க 19 வருடம் ஆனதுதான் தப்பு. நீங்கள் கமிட்டிக்குப் போன வருடம்தான் வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வசனம். லூக்கா 3:14. யோர்தான் பக்கத்தில் யோவான்ஸ்நானன் பேசிக்கொண்டிருக்கிறார். "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டவர்கள் போர்ச்சேவகர்கள். யாரையும் மிரட்டாதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்கிறார். மாமூல் வாங்காதே என்று நம்ம ஊர் பாஷையில் சொல்லலாம். ஈட்டி பிடித்தவனுக்குச் சொன்னதைத் துடைப்பம் பிடித்தவருக்கு எடுத்துப் படிக்கிறது உங்கள் கமிட்டி. அதே லூக்காவில் ஏழு அதிகாரம் தள்ளிப் போனால், "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்" என்று இயேசு சொல்கிறார். யாரிடம்? ஊழியத்துக்கு அனுப்பிய சீஷர்களிடம். ஊழியம் என்றால் கூலி கிடையாது என்ற கண்டுபிடிப்பு அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அடுத்து யாராவது பவுலை இழுப்பார்கள். அவர் கூடாரம் தைத்துப் பிழைத்தாரே, சபையிடம் கை நீட்டினாரா என்பார்கள். 1 கொரிந்தியர் 9ஐப் பிரித்து வையுங்கள். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற மோசேயின் சட்டத்தைக் காட்டி, கூலி கேட்கத் தனக்கு உரிமை உண்டு என்று வரிந்துகட்டி வாதாடிவிட்டுத்தான், வேண்டாம் என்கிறார் பவுல். அவர் விட்டுக்கொடுத்தது தன்னுடைய கூலியை. உங்கள் கமிட்டி தாராளமாக விட்டுக்கொடுப்பது கோயில்பிள்ளையின் கூலியை.

"ஒத்துக்கொண்டுதானே வந்தார்" என்பதற்கு மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இடமிருப்பது போலத் தோன்றும். திராட்சத்தோட்டக்காரரும், "நீ ஒரு பணத்துக்குச் சம்மதித்தாய் அல்லவா" என்கிறார். ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். காலையில் நம் பக்கத்து முனைகளில் சாப்பாட்டுப் பையோடு கொத்தனாரும் சித்தாளும் காத்து நிற்பார்களே, பத்து மணிக்கு மேல் யாரும் கூப்பிடாமல் திரும்புவார்களே, அந்த மாதிரி ஆள்களைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அழைத்துப்போய், ஒரு மணி நேர வேலைக்கு முழுநாள் கூலி கொடுத்தார். ஒத்துக்கொண்டதற்குக் கீழே யாருக்கும் போகவில்லை. அன்றைய அடுப்பு எரியாமலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ இதையே நேரடியாக எழுதிவைத்தார்: வேறு வழியில்லாமல் தொழிலாளி குறைந்த கூலிக்குச் சம்மதித்தால் அது சம்மதமே இல்லை, அவன் பலவந்தத்துக்கு ஆளானவன். போப் சொன்னது நமக்கெதற்கு என்று உங்கள் கமிட்டியில் ஒருவர் கட்டாயம் கேட்பார். 1982இல், ஏசியாட் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு.

ஊழியம் என்ற சொல்லையும் விசாரித்துப் பாருங்கள். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் அதற்கு அர்த்தமே, கூலியில்லாமல் அரசாங்கத்துக்குச் செய்கிற கட்டாய வேலை. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்களை ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது என்று மிஷனெரிகள் மன்றாடி விலக்கு வாங்கினார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஊழியம் அதிகம். விடியுமுன் கேட்டைத் திறந்து, பெஞ்சு துடைத்து, பாட்டு எண் மாட்டி, மணியடித்து, கல்யாணம் முடிந்தால் காகிதப்பூவைக் கூட்டி அள்ளி, சாவு என்றால் கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் ஓடி... தலை நரைத்தாலும் பெயர் மட்டும் பிள்ளை. ஒரு நாளைக்கு 233 ரூபாய் சொச்சம்.

கிறிஸ்துமஸுக்கு சீரியல் லைட் கட்ட வருகிறவரிடம், இது ஊழியம் தம்பி, பாதி வாங்கிக்கோ என்று யாராவது சொல்லியிருக்கிறீர்களா? ஜெனரேட்டர்காரரிடம்? அறுப்பின் பண்டிகை ஏலத்தில், காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு எடுத்துக் கைதட்டு வாங்குகிறோம். அந்தப் பூசணிக்காயை மேடைக்குத் தூக்கி வந்தவர் யார்? "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு 5:4இல் இருக்கிறது. அறுப்பின் பண்டிகையன்று இந்த வசனத்தில் பிரசங்கம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என் கையும் சுத்தம் இல்லை. எங்கள் மெய்ப்புத் திருத்துகிற அம்மாவுக்கு இரண்டு மாதப் பணம் நிலுவையில் இருந்தபோது, "நம்ம பத்திரிகைதானேம்மா" என்று நானே சொல்லியிருக்கிறேன். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிற லேவியராகமத்துப் பக்கத்துக்கும் அவர்தான் பிழை திருத்தினார். ஒன்றும் சொல்லவில்லை, தாளை நீட்டிவிட்டுப் போனார். மறுநாள் பணம் கொடுத்தேன்.

அடுத்த கமிட்டிக்கு வசனம் மட்டும் கொண்டு போகாதீர்கள். போன கிறிஸ்துமஸ் லைட் பில், ஏலக் கணக்கு, அவருடைய சம்பள வவுச்சர் மூன்றையும் மேஜையில் வையுங்கள். 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற மில் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். கூலிக் கணக்குப் பேச இந்தப் பக்கத்தில் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

நோட்டீஸ் போர்டில் தாராளமாக ஒட்டுங்கள். ஒட்டுகிற வேலையைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள்.