சின்னஞ்சிறு அந்துப்பூச்சிகள்: உங்கள் கேள்விகள்

கேள்வி: பூச்சியைக் கொல்லாமல் பிடிக்க வீட்டிலேயே விளக்குப்பொறி செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. ஒரு வாளி, அதன் வாயில் பொருந்தும் அகலமான புனல், புனலுக்கு மேல் ஒரு புற ஊதா விளக்கு, அவ்வளவுதான். வாளிக்குள் முட்டை அட்டைகளைப் போட்டுவிடுங்கள். பூச்சிகள் அந்தக் குழிகளில் ஒண்டிக்கொள்ளும். படபடவென்று அடித்துக்கொண்டு இறக்கைச் செதில்களை உதிர்க்காது. ஆனால் 1 செ.மீ.கூட இல்லாத பூச்சிகள்தான் வேண்டும் என்றால் என் தேர்வு வெள்ளைத் துணி. சின்னவை பல புனலுக்குள் விழாமல் அக்கம்பக்கத்துச் சுவரிலும் புல்லிலும் உட்கார்ந்துவிடும். விளக்குக்குப் பின்னால் துணியைத் தொங்கவிட்டால் அதில் வந்து அமரும். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பூச்சியின் மேல் வைத்து, இடையில் அட்டையைச் செருகி எடுத்துவிடலாம். நிலவில்லாத, காற்றில்லாத, புழுக்கமான இரவாகப் பாருங்கள். விளக்கை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம், கண்ணுக்கு நல்லதல்ல.

கேள்வி: விளக்கை நிலவென்று நினைத்தா வருகின்றன?

பதில்: வெகுகாலம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். அதிவேகக் கேமராவில் படம்பிடித்துப் பார்த்து, 2024-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விளக்கம் தந்தது. பறக்கும் பூச்சி வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் தன் முதுகை வைத்துக்கொள்ளும். இயற்கையில் அந்தப் பக்கம் வானம். அருகே விளக்கு எரிந்தால் முதுகை அதன் பக்கம் சாய்த்துச் சாய்த்து, சுற்றிலேயே மாட்டிக்கொள்கிறது. இதைப் படித்த பிறகு இரவு முழுக்க விளக்கை எரியவிட எனக்கு மனம் வருவதில்லை. இரண்டு மூன்று மணி நேரம் போதும்.

கேள்வி: பிடித்ததெல்லாம் ஒரே பழுப்பு நிறம். எதை வைத்துப் பிரிப்பது?

பதில்: நிறத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, உட்காரும் விதத்தைப் பாருங்கள். ஒடுங்கிய இறக்கைகளைப் பக்கவாட்டில் நீட்டி 'டி' எழுத்துப் போல உட்கார்ந்தால் டெரோஃபோரிடே குடும்பம். மேலிருந்து பார்க்க மணி வடிவமாக இருந்தால் டார்ட்ரிசிடே என்று தேடத் தொடங்கலாம். முன்கால்களை ஊன்றி, தலையை நிமிர்த்தி, உடம்பைச் சரிவாக வைத்திருந்தால் கிராசிலாரிடேயாக இருக்க வாய்ப்பு அதிகம். புல்தண்டோடு ஒட்டி, இறக்கையை உடம்பில் சுற்றிக்கொண்டு, முகத்துக்கு முன்னால் மூக்குப் போல நீட்டியிருப்பவை கிராம்பிடே குடும்பத்தின் புல் அந்துகள். இந்தத் தோரணை குப்பிக்குள் கலைந்துவிடும். அதனால் கை வைக்கும் முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஓயாமல் ஓடுகிறது, படமே எடுக்க முடியவில்லை.

பதில்: குப்பியோடு குளிர்சாதனப் பெட்டியில் 15 நிமிடம் வையுங்கள், உறைய வைக்கும் தட்டில் அல்ல. அப்புறம் கட்டத்தாள் மேல் வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பலர் பக்கவாட்டுப் படத்தை விட்டுவிடுகிறார்கள். முகத்துக்கு முன்னால் விரல்போல் நீளும் உறுப்புகள் மேல்நோக்கி வளைகின்றனவா, நேராக நிற்கின்றனவா என்பது அதில்தான் தெரியும்.

கேள்வி: தானிய டப்பாவைச் சுற்றிப் பறக்கும் பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்தேன். தினமும் மாட்டுகிறது, குறையவில்லை.

பதில்: அந்தப் பொறி பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுப்பது, அதனால் அதில் ஆண் பூச்சி மட்டுமே மாட்டும். பெண் பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருக்கும். முன்னிறக்கையின் அடிப்பகுதி வெளிறியும் மீதி செம்பு நிறமாகவும் இருந்தால் அது பிளோடியா இன்டர்பங்டெல்லா. சேதம் செய்வது அதன் புழு. நூலாம்படை போலப் பின்னியிருக்கும் டப்பாவைத் தேடி எடுத்து அப்புறப்படுத்துங்கள். சந்தேகமுள்ள மற்றவற்றை மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். பொறியை எடுத்துவிட வேண்டாம்; பூச்சி இன்னும் இருக்கிறதா என்று சொல்ல அது உதவும்.

கேள்வி: குளியலறைச் சுவரில் இதய வடிவில், ரோமத்தோடு, மிகச் சின்ன அந்து. என்ன இனம்?

பதில்: அது அந்தே அல்ல, சைக்கோடிடே குடும்பத்து ஈ. உருப்பெருக்கியில் பாருங்கள்: இரண்டே இறக்கைகள். அந்துக்கு நான்கு. வடிகாலின் அழுக்குப் படலத்தில் வளர்கிறது, அதைத் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

கேள்வி: எவ்வளவு பார்த்தும் இனப்பெயர் கிடைக்கவில்லை.

பதில்: இனத்துக்கு ஒருபடி மேலான பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் குறையொன்றுமில்லை. பல சிறிய அந்துகளை இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குப் பூச்சி உயிரோடு இருக்க முடியாது. வீட்டில் அந்த வேலை தேவையில்லை என்பது என் கருத்து. தேதி, இடம், நேரம், எந்த விளக்கு என்று எழுதிவைத்துவிட்டு, அடர்ந்த செடிக்குள் விட்டுவிடுங்கள். தினமும் ஒரே இடத்தில் விடாதீர்கள். பறவைகள் சீக்கிரமே அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும்.