14 வயது மகளோடு அட்லாண்டிக்கைக் கடப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் வசிக்கிறோம். என் கணவர் இருபது ஆண்டுகளாகப் பாய்மரப் படகு ஓட்டுபவர். எனக்கும் கரையோரப் பயணங்களில் ஓரளவு பழக்கம் உண்டு. வரும் ஆகஸ்டில் எங்கள் 12 மீட்டர் படகில் புறப்பட்டு, கேனரித் தீவுகள் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் சென்று, அடுத்த கோடையில் திரும்ப எண்ணியிருக்கிறோம். என் தம்பியும் உடன் வருகிறான். 14 வயது மகள் ஒருநாள் உற்சாகமாகப் பேசுகிறாள், மறுநாள் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவள் தன்னைத்தானே அறிந்துகொள்ள இது நல்ல வாய்ப்பு என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை எப்படித் தயார் செய்வது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. உங்கள் மகள் கதவைச் சாத்திக்கொள்வதும் நியாயமானதே. இந்தப் பயணத்தால் நீங்களும் கணவரும் ஓராண்டு வேலையைத்தான் விடுகிறீர்கள்; அவளோ தோழிகள், வகுப்பு, தன் அறை, தனிமை அனைத்தையும் ஒரே நேரத்தில் விட்டுவர வேண்டும். பெரியவர்கள் முடிவெடுத்த பயணத்தில் சுமையாகத் தான் ஏற்றப்படுகிறோமா, ஆளாகவா என்பதே அந்த வயதுப் பிள்ளையின் மனத்தில் ஓடும் கேள்வி. ஆகையால் தன்னை அறிவதைப் பற்றி அவளிடம் எதுவும் பேச வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. படகு உண்மையாகவே நம்பியிருக்கும் ஒரு பொறுப்பை அவளுக்குக் கொடுங்கள். மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.

அந்தப் பொறுப்பு இரவுக் காவலாக இருக்கட்டும். கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்கு ஏறத்தாழ 2,700 கடல்மைல். உங்கள் அளவுப் படகுக்குச் சுமார் மூன்று வாரம். அத்தனை நாளும் இரவு பகலாக யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். சுக்கானைத் தானியங்கி பிடித்துக்கொள்ளும் என்றாலும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அடிவானம் முழுவதையும் சுற்றிப் பார்ப்பதும், மணிக்கு ஒருமுறை இடம், திசை, காற்று, காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவதும், பாய்க்கு ஒவ்வாத மாற்றம் தெரிந்தால் படகுத்தலைவரை எழுப்புவதும் காவலரின் வேலை. இதில் உடல்பலத்துக்கு வேலை குறைவு, கவனத்துக்கு அதிகம். 14 வயதுப் பிள்ளையால் இதை மிக நன்றாகவே செய்ய முடியும்.

பல குடும்பங்கள் விடியல் அழகாக இருக்கும் என்று பிள்ளைக்கு அதிகாலைக் காவலைக் கொடுக்கின்றன. இது தவறான ஏற்பாடு. வளரிளம் பருவத்தில் உடலின் உறக்கக் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அவர்களுக்கு நள்ளிரவு வரை விழித்திருப்பது எளிது, நான்கு மணிக்கு எழுவது தண்டனை. இரவு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அவளுக்கு ஒதுக்குங்கள். முதல் வாரம் நீங்களோ உங்கள் தம்பியோ உடன் அமர்ந்திருங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து, பெரியவர் ஒருவர், உடலைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்புக் கச்சையைக் கழற்றாமல் பக்கத்திலேயே படுத்திருக்க, காவல் முழுவதும் அவளுடையதாக இருக்கட்டும்.

கச்சை விஷயத்தில் மட்டும் சலுகை கிடையாது. இது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். இருட்டியபின் மேலே வரும் எவரும் படியில் நிற்கும்போதே கொக்கியை மாட்டிவிட வேண்டும். மற்றொருவர் விழித்திருந்து பார்க்காமல் யாரும் சுக்கான் பகுதியை விட்டு அணியத்தின் (படகின் முன்முனை) பக்கம் போகக் கூடாது. மணிக்கு ஆறு கடல்மைல் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. இரவில், அலைகளுக்கு நடுவே, அந்தத் தொலைவில் ஒரு தலை கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கணக்கை மகளிடமே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அச்சுறுத்தலைவிடக் கணக்கு அந்த வயதினரிடம் நன்றாக வேலை செய்கிறது.

நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்வது உங்கள் கணவருக்குப் பயன்படும். என் மகளுக்கு 15 வயதாக இருந்தபோது இதே வழியில் அவளோடு கடந்தேன். பத்தாவது இரவோ பதினோராவது இரவோ, அவள் காவலில் இருக்கும்போது, பின்னால் கிழக்கு அடிவானத்தை ஒட்டியிருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கியிருக்கின்றன. கிழக்கிலிருந்து சீராக வீசும் வியாபாரக் காற்றுப் பகுதியில் சூறைமழை வரும் அடையாளம் அது; பதினைந்து இருபது நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்தில் சீராக வீசும் காற்று சில நிமிடங்களில் முப்பத்தைந்தைத் தாண்டிவிடும். அவள் சரியான நேரத்தில் என்னை எழுப்பினாள். நான் மேலே வந்தேன். ஒரு வார்த்தையும் கேட்காமல் அவள் கையிலிருந்த சுக்கான் சக்கரத்தை வாங்கிக்கொண்டு, கீழே போகச் சொன்னேன். மழை அடித்து ஓய்ந்தது, படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், தட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நான் உங்களைக் கூப்பிட்டது பாயைச் சுருக்க. என் காவலைப் பிடுங்கிக்கொள்ள இல்லை." அவள் சொன்னதுதான் சரி. அவளைச் சுக்கானில் விட்டுவிட்டு நான் பாயைச் சுருக்கியிருக்க வேண்டும். அதற்கடுத்த சூறையில் அப்படித்தான் செய்தேன். அன்று என் மகள் சுக்கானைப் பிடித்திருந்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் கணவர் படகில் தந்தையாகவும் தலைவராகவும் இருக்கப்போகிறார். அவர் பேசுவது எந்தக் குரல் என்பது பிள்ளைக்குக் குழம்பக் கூடாது. பாய், நங்கூரம், சூறை ஆகியவற்றில் தலைவர் சொல்வதை அப்போதே செய்ய வேண்டும், கேள்வியெல்லாம் பிறகு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் 'பிறகு' உண்மையாகவே வர வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அவள் ஏன் என்று கேட்டால் அவர் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று நாள் குமட்டல் வரும் என்று எதிர்பாருங்கள். உட்காது உணரும் அசைவும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகாததால் வருவது அது. திறந்த வெளியில் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு சுக்கான் பிடித்தால் பலருக்குத் தணிகிறது. அவள் வயதுக்கான மாத்திரையையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டு, கரையிலேயே ஒரு விடுமுறை நாளில் கொடுத்து, எவ்வளவு மயக்கம் தருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களுக்கான பொருட்களை ஓராண்டுக்கும் கணக்கிட்டு வாங்கி ஏற்றுங்கள். கழிப்பறைக் குழாயில் அவற்றைப் போட்டால் நடுக்கடலில் அடைத்துக்கொள்ளும். சமையலில் அவளுக்கு முறை வரும்போது தடித்த மழைக் காற்சட்டையை அணிந்தே அடுப்பருகே நிற்கட்டும். கடலில் நடக்கும் காயங்களில் கொதிநீர்ச் சூடு மோசமானது. மூடி பூட்டிக்கொள்ளும் நம் பிரஷர் குக்கரைவிடப் பாதுகாப்பான பாத்திரம் படகில் இல்லை.

படுக்கை சிறியதாக இருந்தாலும், திரைச்சீலையோடு அவளுக்கென்றே ஓரிடம் வேண்டும். திரை மூடியிருந்தால் யாரும் கூப்பிடக் கூடாது, காவல் நேரம் தவிர.

துருவ நட்சத்திரத்தை அளக்கவும் அவளுக்குக் கற்றுக்கொடுங்கள். அடிவானத்திலிருந்து அதன் உயரம் எத்தனை பாகையோ, ஏறத்தாழ அதுவே நீங்கள் இருக்கும் அட்சரேகை. லாஸ் பால்மாஸ் 28 பாகையில் இருக்கிறது, செயின்ட் லூசியா 14 பாகையில். கையை நீட்டி மடக்கிய முட்டி ஏறத்தாழ 10 பாகை. புறப்படும் இரவில் மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும் நட்சத்திரம், மூன்று வாரத்தில் ஒன்றரை முட்டிக்கு இறங்கியிருக்கும். ஒரு கடலைக் கடந்ததைத் தன் கையாலேயே அளந்து சொல்வது சிறிய விஷயமில்லை.

பள்ளியைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் வீட்டுக்கல்விக்காகப் பதிவை நீக்கிக்கொள்ள எழுத்தில் தெரிவிக்கலாம். ஆனால் பதிவை நீக்கினால் இடம் காத்திருக்காது. தலைமையாசிரியரை இப்போதே சந்தித்து, திரும்பும்போது ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) பாடங்களில் எங்கே சேர முடியும் என்று பேசிவிடுங்கள்.

லாரா டெக்கர் 14 வயதில் புறப்பட்டு, 16 வயதில், 2012 ஜனவரியில், தனியாக உலகைச் சுற்றி முடித்த கதையை யாராவது உங்கள் மகளிடம் சொல்லியிருக்கக்கூடும். அவர் நியூசிலாந்தில், பெற்றோரின் கடற்பயணத்தின்போது பிறந்து, சிறுவயதிலிருந்தே படகில் வளர்ந்தவர். அந்த அளவுகோலை இவள் மீது வைக்க வேண்டாம். புதுச்சேரியைச் சேர்ந்த இந்தியக் கடற்படை அதிகாரி ரூபா, சக அதிகாரி தில்னாவுடன் இருவராக ஐஎன்எஸ்வி தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பியதைச் சொல்லலாம். அவர்களும் அதற்கு முன் பல்லாயிரம் கடல்மைல் பயிற்சி செய்தவர்கள்.

வழியைப் பற்றி இரண்டு சொற்கள். பிஸ்கே விரிகுடாவை ஆகஸ்டிலேயே கடந்துவிடுங்கள், இலையுதிர்காலப் புயல்களுக்குக் காத்திருக்க வேண்டாம். 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஓர்கா திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைத்து வருவதால், அங்கே கரையை ஒட்டி ஆழம் குறைந்த நீரில் செல்வது நல்லது. சூறாவளிப் பருவம் நவம்பர் 30 வரை இருப்பதால் கேனரியிலிருந்து அவசரப்படக் கூடாது. நேராக மேற்கே போவதைவிட, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டித் தீவுகளின் மிண்டெலோ துறைமுகத்தில் நிற்கும்படி பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள். அது 850 கடல்மைல் அளவிலான முதல் கட்டம். அங்கே விமான நிலையமும் உண்டு. அதற்கப்பால் காற்றும் நீரோட்டமும் மேற்கே தள்ளுவதால் திரும்பி வருவது மிகக் கடினம். மிண்டெலோவில் அவள் வேண்டாம் என்றால், நீங்களும் அவளும் விமானத்தில் போய்விடலாம், கோபமில்லை என்று இப்போதே வாக்குக் கொடுங்கள்; டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். போகலாம் என்று தெரிந்த பிள்ளைதான் மனமார இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த ஜூனில் நல்ல வானிலை பார்த்து, மாலையில் போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பி, இரவு முழுக்க ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸின் செர்பூர் வரை ஒருமுறை சென்று வாருங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அவள் காவல். கப்பல் நெரிசல் மிகுந்த வழி ஆகையால் பெரியவர் ஒருவர் அவள் அருகில் இருக்க வேண்டும். குறிப்பேட்டை மட்டும் அவளே எழுதட்டும். மறுநாள் துறைமுகத்தில் காலைச் சாப்பாட்டின்போது என்ன தோன்றியது என்று கேளுங்கள், குறுக்கிடாமல் முழுதாகக் கேளுங்கள். ஆகஸ்டில் கிளம்பும் நாளை அதன் பிறகு குறிக்கலாம்.