ரிவர்ஸ் ப்ராக்ஸி வைத்ததும் வெப்மெயில் லாகின் ஆகவில்லை. எங்கே தேடுவது?

கேட்டவரின் நிலைமை இது: முன்னால், வெளிக் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ், உள்ளே வேறொரு சர்வரில் அப்பாச்சி வெப்சர்வரோடு ரவுண்ட்க்யூப் என்ற வெப்மெயில். உள் முகவரியில் நேராகப் போனால் மெயில் திறக்கிறது. வெளி முகவரியில் சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் லாகின் பக்கமே திரும்ப வந்து நிற்கிறது.

கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். மெயில் சர்வரின் லாகை, அதாவது பதிவுக் கோப்பை, திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை லாகின் செய்யுங்கள். மெயில் சர்வர் டவ்காட் என்றால், பயனர் உள்ளே வந்ததாக ஒரு வரி விழும். விழுந்துவிட்டதா? அப்படியானால் கடவுச்சொல்லில் குறையில்லை. ரவுண்ட்க்யூப் உங்களை உள்ளே விட்டுவிட்டு, அடுத்த க்ளிக்கிலேயே யார் நீ என்கிறது. லாகின் செய்தவர் நீங்கள்தான் என்று ப்ரௌசர் ஒவ்வொரு கோரிக்கையிலும் காட்டும் அடையாளமான குக்கீ எங்கோ தொலைகிறது.

எங்கே தொலைகிறது என்பதை ப்ரௌசரே காட்டும். புதிய ப்ரைவேட் விண்டோவில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் பழைய வரிகள் அழியாதபடி டிக் செய்துவிட்டு லாகின் செய்யுங்கள். படிவத்துக்கு வரும் பதில் 302, அதாவது வேறு பக்கத்துக்குப் போ என்பது. அதன் ஹெட்டரில் செஷன் குக்கீகள் இருக்கும். அவற்றில் 'செக்யூர்' என்ற சொல் இருக்கிறதா, பாத் (குக்கீ எந்த முகவரிப் பாதைக்கு உரியது) என்ன, அடுத்த கோரிக்கையில் அதே குக்கீகள் திரும்பப் போகின்றனவா, இவ்வளவும் பாருங்கள்.

செக்யூர் இருந்து, நீங்கள் வெளி முகவரியை வெறும் எச்டிடிபியில் திறந்திருந்தால் ப்ரௌசர் அந்தக் குக்கீயை வாங்கவே வாங்காது. சோதனைக்காகச் சான்றிதழ் போடாமல் ஓட்டுபவர்களுக்கு இதுதான் நடக்கும். பாத் வெளி முகவரியின் பாதையோடு பொருந்தவில்லையென்றால், என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி குக்கீ பாத் கட்டளை இருக்கிறது. ஒரு வரியில் முடியும்.

லாகின் பக்கம்கூட வராமல், ரீடைரக்ட் அதிகமாகிவிட்டது என்று ப்ரௌசர் கையை விரித்தால் கதை வேறு. எச்டிடிபிஎஸ் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது. உள்ளே போவது எச்டிடிபி. ரவுண்ட்க்யூபில் எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று வைத்திருந்தால், அது பாவம், ஒவ்வொரு முறையும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். வெளியே வந்தது எச்டிடிபிஎஸ்தான் என்று உள்ளே சொல்லும் எக்ஸ் ஃபார்வர்டட் ப்ரோட்டோ ஹெட்டரை அனுப்பச் சொல்வதோடு பல வழிகாட்டிகள் நின்றுவிடுகின்றன. அது பாதி வேலைதான். ப்ராக்ஸியின் ஐபி ரவுண்ட்க்யூபின் ப்ராக்ஸி ஒயிட்லிஸ்ட்டில் (அது நம்பும் ப்ராக்ஸிகளின் பட்டியலில்) இல்லையென்றால் அந்த ஹெட்டரை அது மதிக்காது. மதிக்கவும் கூடாது, யார் வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய ஹெட்டர் அது.

இங்கேயே இன்னொரு கண்ணி. லாகில் உண்மையான ஐபி வரட்டும் என்று அப்பாச்சியில் ரிமோட்ஐபி மாட்யூலைப் போட்டிருப்பீர்கள். அப்போது ரவுண்ட்க்யூபின் கண்ணுக்குக் கோரிக்கை பயனரின் ஐபியிலிருந்து வருகிறது, ப்ராக்ஸியிலிருந்து அல்ல. ஒயிட்லிஸ்ட் பொருந்தாது, ரீடைரக்ட் சுழல் மறுபடி ஆரம்பம். அந்த நிலையில் ஒயிட்லிஸ்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். கோரிக்கையை எப்போதும் எச்டிடிபிஎஸ்ஸாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும், ரவுண்ட்க்யூபின் யூஸ் எச்டிடிபிஎஸ் அமைப்பை ஆன் செய்துவிடுங்கள்.

உள்ளே போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் வெளியே தள்ளப்பட்டால், குறிப்பாக மொபைல் டேட்டாவில், நடுவில் ஐபி மாறினால் வெளியேற்றும் ரவுண்ட்க்யூபின் ஐபி செக் ஆனில் இருக்கிறதா பாருங்கள். இயல்பில் அது ஆஃப்தான்.

அப்புறம், தவறான லாகின் அதிகமானால் அந்த ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஓடுகிறதென்றால் அதன் விலக்குப் பட்டியலில் ப்ராக்ஸியின் ஐபியை இன்றே சேர்த்துவிடுங்கள். ரிமோட்ஐபி இல்லாத சர்வரில் எல்லாத் தவறான லாகினும் ப்ராக்ஸியின் பெயரில்தான் பதிவாகும். யாரோ ஒருவர் கடவுச்சொல்லைச் சில முறை தப்பாக அடித்தால் போதும், அலுவலகம் மொத்தத்துக்கும் மெயில் நின்றுவிடும்.