லேஸ் எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

கே: ‘ஏஸ் வென்ச்சுரா’ படத்தில் டால்ஃபினோடு சேர்த்துக் கடத்தப்படும் டான் மரினோ நடிகரா, நிஜ ஆட்டக்காரரா?

ப: நிஜ ஆட்டக்காரர்தான். 1994 பிப்ரவரியில் படம் வந்தபோது மயாமி டால்ஃபின்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் அவரே. அமெரிக்க ஃபுட்பாலில் தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்தை எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா என்பதை எதிரணி மேலே வந்து விழுவதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். கல்லூரி வீரர்களை அணிகள் முறை போட்டு எடுத்துக்கொள்ளும் 1983 டிராஃப்டில் மரினோ 27வதாகத்தான் போனார். அவருக்கு முன்பே ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டிருந்தார்கள்.

கே: “லேஸ் வெளிப்பக்கம் இருந்திருக்க வேண்டும்” என்று அந்தப் படத்தின் கிக்கர் மரினோவைக் கருவுகிறாரே, அப்படி ஒரு விதி உண்டா?

ப: விதி இல்லை, தொழில் சுத்தம். பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது ஃபீல்டு கோல். அதற்கு மூன்று பேர் வேண்டும். ஸ்னாப்பர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிவார். ஏழெட்டு யார்டு தள்ளி முட்டி போட்டிருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்து, முனையைத் தரையில் ஊன்றி, மேல் முனையை விரலால் தாங்குவார். கிக்கர் ஓடிவந்து உதைப்பார். எல்லாம் சேர்ந்து சுமார் 1.3 விநாடி, தாமதித்தால் எதிரணிக் கை பந்தில் விழும்.

பந்தின் ஒரு பக்கத்தில் லேஸ், அதாவது தையல் நாடா, புடைத்திருக்கும். அது கிக்கரைப் பார்த்திருந்தால் கால் மேட்டில் பட்டு உதை சீராக விழாது. பக்கவாட்டில் இருந்தாலும் பந்து நேர்கோட்டிலிருந்து விலக வாய்ப்புண்டு. ஆகவே பந்தை ஊன்றும் அந்த நொடியிலேயே ஹோல்டர் அதைச் சுழற்றி, லேஸைக் கம்பங்கள் பக்கம் திருப்பிவிட வேண்டும். நல்ல ஸ்னாப்பர் பந்து எத்தனை சுற்று சுற்றிப் போகிறது என்பதையே பழக்கி வைத்திருப்பார்; ஹோல்டர் பிடிக்கும்போதே லேஸ் சரியாக வந்து நிற்கும். எனவே அந்தக் கிக்கரின் கோபத்தில் தொழில்நுட்பப் பிழை இல்லை. படம் எடுத்துக்கொண்ட சலுகை வேறு. முதல்நிலை குவார்ட்டர்பேக்கின் விரலைப் பொதுவாக யாரும் இந்த வேலைக்குப் பணயம் வைப்பதில்லை. அப்போதெல்லாம் மாற்று குவார்ட்டர்பேக், இப்போது பெரும்பாலும் பன்ட்டர், அதாவது பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் அனுப்புபவர்.

கே: அப்படி ஒரு உதையில் மயாமி நிஜமாகவே கோப்பையை இழந்ததா?

ப: இல்லை. மரினோ ஆடிய ஒரே சூப்பர் பௌல் (கோப்பைக்கான இறுதி ஆட்டம்) 1985 ஜனவரி 20 அன்று ஸ்டான்ஃபோர்டில் நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ 38, மயாமி 16. இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தை எந்த லேஸும் ஈடுகட்டாது. சொல்லப்போனால், மயாமியின் நிஜ கிக்கர் அன்று மூன்று ஃபீல்டு கோல் அடித்தார். மரினோ 318 யார்டு எறிந்தார். ஆனால் இரண்டு பந்து எதிரணி கையில் போனது. மறுபக்கம் சான் ஃபிரான்சிஸ்கோ குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா மூன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எறிந்து, ஒன்றை ஓடியும் எடுத்தார்.

கே: கோப்பை இல்லாதவரை ஏன் இத்தனை கொண்டாடுகிறார்கள்?

ப: 1984 சீசனுக்காகவே கொண்டாடலாம். அதுவரை ஒரு சீசனில் அதிகபட்ச டச்டவுன் பாஸ் 36. அவர் 48 எறிந்தார். 5,084 யார்டு, ஐயாயிரத்தைத் தாண்டிய முதல் ஆள். முதல் சாதனை 2004 வரை, இரண்டாவது 2011 வரை நின்றது. 17 சீசனும் ஒரே அணி, மொத்தம் 61,361 யார்டு, 420 டச்டவுன்.

ரகசியம் கையில். பலர் எறிவதற்கு முன் பந்தை இடுப்பளவு இறக்கி ஏற்றுவார்கள். இவர் பந்தைக் காதருகே வைத்தபடியே முன்கையையும் மணிக்கட்டையும் சொடுக்கி விட்டுவிடுவார். வேகமாக ஓடத் தெரியாதவர் பிழைத்தது இதனால்தான். 1988இல் 606 முறை எறிந்தவரை எதிரணி பந்தோடு வீழ்த்தியது வெறும் 6 முறை.

கே: அவருடைய ‘ஏமாற்று ஸ்பைக்’ என்பது என்ன?

ப: பந்தை உடனே தரையில் அடித்தால் கடிகாரம் நிற்கும், அதுதான் ஸ்பைக். 1994 நவம்பர் 27, எதிரணி நியூயார்க் ஜெட்ஸ், மயாமி 21–24 என்று பின்தங்கியிருக்கிறது, அரை நிமிடம்கூட இல்லை. மரினோ “கிளாக், கிளாக்” என்று கத்திக்கொண்டே ஸ்பைக் செய்யப்போவதுபோல் கை காட்டினார். எதிரணி ஒரு கணம் தளர்ந்தது. பந்து மயாமி வீரர் மார்க் இங்கிரமுக்குப் போனது, டச்டவுன், 28–24. படத்தில் அவர் செய்ததைவிட இதுவே நல்ல நடிப்பு என்பேன். முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் குதிகால் தசைநார் அறுந்து சீசனே போயிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கே: வேறு படங்கள்?

ப: எல்லாம் சில நிமிட வேடங்கள், பெரும்பாலும் டான் மரினோவாகவே. ‘பேட் பாய்ஸ் 2’இல் காரை ஓட்டிப் பார்க்க வருவார், போலீஸ்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது 2000இல் வந்த ‘லிட்டில் நிக்கி’: சாத்தானிடமே போய் ஒரு சூப்பர் பௌல் வெற்றி கேட்பார். நீ நல்லவனாயிற்றே என்று சாத்தான் கைவிரித்துவிடுவான்.