வீட்டில் வார்த்த ஈயக் குண்டு குறி தவறுவது ஏன்?

கேள்வி: 9 மி.மீ. பிஸ்டலுக்கு நானே ஈயக் குண்டு வார்த்துச் சுடுகிறேன். 15 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது. சில ஓட்டைகள் பக்கவாட்டில் விழுந்தது போல நீளமாக இருக்கின்றன. குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்கிறது. கலவையைக் கடினமாக்கிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. எங்கே தவறு?

பதில்:

கடினத்தன்மையைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு மைக்ரோமீட்டரைக் கையில் எடுங்கள். சிதறல், நீள ஓட்டை, ஈயப் படிவு மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஒன்றைத்தான்: குழலுக்குள் நுழையும் நேரத்தில் உங்கள் குண்டு குழலைவிடச் சிறுத்திருக்கிறது.

செம்பு உறை போட்ட 9 மி.மீ. குண்டின் விட்டம் 0.355 அங்குலம். குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்களின் அடியில் அளந்த விட்டம், அதாவது பள்ள விட்டம், 0.356 இருந்தாலும் உறை தாக்குப்பிடித்துவிடும். ஈயத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. இடைவெளி மயிரிழை இருந்தால்கூடப் பின்னாலிருந்து வரும் சூடான வாயு அதன் வழியே முன்னால் பாய்ந்து, குண்டின் பக்கவாட்டை அரித்து, அரித்த ஈயத்தைக் குழலில் பூசிவிட்டுப் போகும். அப்படி அரிபட்ட குண்டைப் பள்ளங்களுக்கு இடையே மேடாக ஓடும் வரப்புகள் சரியாகப் பிடித்துச் சுழற்ற முடியாது. சுழற்சி குறைந்த குண்டு காற்றில் புரள்கிறது, அட்டையில் நீள ஓட்டையாக விழுகிறது. கடினமான கலவை அழுத்தத்தில் விரிந்து அந்த இடைவெளியை அடைக்காது. நீங்கள் கடினமாக்கியபோது நிலைமை மோசமானதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே குழலை அளந்துவிடுங்கள். பிஸ்டல் காலியா என்று இரண்டு முறை பார்த்து, குழலைத் தனியே கழற்றி, உள்ளே லேசாக எண்ணெய் தடவுங்கள். துளையைவிடச் சற்றுப் பருமனான சுத்த ஈயத் துண்டு ஒன்றை வைத்து, மரக்குச்சியால் மெல்லத் தட்டி இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுங்கள். முதல் தட்டில் இறுக்கமாக இருக்கும், பிறகு ஒரே சீராக நகர வேண்டும். நடுவில் திடீரென்று இளகினாலோ இறுகினாலோ குழலிலேயே ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று அர்த்தம். வெளியே வந்த துண்டில் பள்ளத்தின் அச்சு மேடாகப் பதிந்திருக்கும். எதிரெதிர் மேடுகளை மைக்ரோமீட்டரில் அளந்தால் அதுதான் பள்ள விட்டம். வெர்னியர் வேண்டாம். நாம் தேடுவது ஆயிரத்தில் ஒரு அங்குலத்தை. வெர்னியரை நம்பி அந்த அளவைச் சொல்ல முடியாது.

பள்ள விட்டத்தைவிடக் குண்டு ஆயிரத்தில் ஒன்று பெரிதாக இருக்கட்டும். தோட்டா (கூடு, மருந்து, குண்டு மூன்றும் சேர்ந்தது) குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் தடையில்லாமல் இறங்கினால் ஆயிரத்தில் இரண்டுகூடச் சரி. கழற்றிய குழலில் தோட்டாவைப் போட்டால் 'டொக்' என்று விழ வேண்டும், விரலால் திருப்பினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நானும் நின்றேன். என் குழல் 0.356, குண்டை ஒரே அளவுக்கு நெருக்கும் சைசிங் டையிலிருந்து வந்த குண்டு 0.357. எல்லாம் சரியாக இருந்தும் அறைக்கு முன்னால் இருக்கும் ஒரு விரல் நீளத்தில் ஈயம் தோலாக உரிந்து வந்தது. குண்டில் பூசும் மசகு மெழுகை மாற்றினேன், கலவையை மாற்றினேன், எதுவும் எடுபடவில்லை. கடைசியில் தயாரான தோட்டா ஒன்றைச் சுத்தியல் போன்ற உருவியில் மாட்டித் தட்டிக் குண்டை வெளியே எடுத்து அளந்தேன். 0.3548. குண்டைச் சிறுக்க வைத்தது பித்தளைக் கூடுதான். 9 மி.மீ. கூட்டின் சுவர் அடிப்பக்கம் போகப் போகத் தடிக்கும், அதனால் ஆழமாக உட்காரும் குண்டின் பின்பகுதி நசுங்கிவிடுகிறது. போதாததற்கு டை செட்டில் வந்த எக்ஸ்பாண்டர், அதாவது குண்டு நுழையக் கூட்டின் வாயை விரிக்கும் கருவி, செம்பு உறைக் குண்டுக்காகக் கடைந்தது. ஈயத்துக்குத் தேவையான இடத்தை அது திறந்து விடவில்லை. ஆயிரத்தில் இரண்டு பெரிய எக்ஸ்பாண்டர் போட்ட பிறகு உருவிய குண்டு 0.3567 காட்டியது. அன்றோடு படிவு நின்றது.

கூட்டின் வாயைக் குண்டின் மேல் இறுக்கும் கிரிம்ப்பும் அதே போலக் குண்டைச் சிறுக்கும். இந்தத் தோட்டா அறைக்குள் கூட்டின் வாய் விளிம்பில்தான் நிற்கிறது. குண்டு உள்ளே போக வாயைக் கொஞ்சம் விரித்தோமே, அந்த விரிவை நிமிர்த்தினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் ஈயத்துக்குள் கூடு பதிந்து, குண்டின் மேல் வளையம் போட்டது போலத் தெரியும்.

ஈயம் எங்கே படிகிறது என்று பாருங்கள், பாதி பதில் அங்கேயே இருக்கிறது. அறைக்கு அருகில் என்றால் பெரும்பாலும் அளவுக் குறை. குழல் முனைக்கு அருகில் என்றால் மெழுகு வழியிலேயே தீர்ந்திருக்கலாம். ரிவால்வராக இருந்தால் இன்னொரு அளவும் வேண்டும்: சிலிண்டரின் ஒவ்வொரு அறை வாயும் குழலின் பள்ள விட்டத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. சிறிதாக இருந்தால் எவ்வளவு பெரிய குண்டு போட்டாலும் அந்த வாயே அதைச் சிறுக்கித்தான் அனுப்பும்.

கலவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுத்த ஈயம் பிரினெல் கடினத்தன்மை அளவில் சுமார் 5. பழைய சக்கர எடைக்கட்டிகளை உருக்கினால் சுமார் 12. அச்சுக்கூட லினோடைப் உலோகம் சுமார் 22. சாதாரண 9 மி.மீ. தோட்டாவுக்கு 12 முதல் 15 வரை எனக்கு நன்றாகவே ஓடியிருக்கிறது. ரொம்ப மென்மையாகப் போனால் கூடு இன்னும் எளிதாக நசுக்கும், அதுவும் கூடாது. எடைக்கட்டிகளுக்கு இடையே துத்தநாகக் கட்டிகளும் கலந்திருக்கும். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலும் துத்தநாகம் 419 டிகிரியிலும் உருகுவதால், சட்டியைக் குறைந்த சூட்டில் வைத்தால் துத்தநாகத் துண்டுகள் உருகாமல் மிதக்கும், அள்ளி வீசிவிடலாம். அவை கரைந்துவிட்டால் வார்ப்பு அச்சு சரியாக நிரம்பாது.

வார்த்த குண்டின் அடிப்பாகத்தை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. மூக்கில் சின்னக் காயம் இருந்தால் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிதான். அதன் விளிம்பு ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். விளிம்பு கூர்மையாக வர அச்சு நன்றாகச் சூடேற வேண்டும், 2 சதவீதம் வெள்ளீயம் இருந்தால் நல்லது, அச்சில் காற்று வெளியேறும் கோடுகளில் கரி அடைத்திருக்கக் கூடாது. சுருக்கம் விழுந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் ஒட்டியிருக்கிறது. மேலே பனி படிந்தது போல வெளுத்தால் சூடு அதிகம். அதற்காக அந்தக் குண்டை ஒதுக்க வேண்டியதில்லை, அளவு சரியாக இருந்தால் சுடலாம்.

சோதிக்கும் முன் குழலைப் பழைய ஈயம் துளிகூட இல்லாமல் வெண்கலத் தூரிகையால் தேய்த்து எடுங்கள். படிவோடு சுட்டால் எந்த முடிவையும் நம்ப முடியாது. உறைக் குண்டு இரண்டு சுட்டால் ஈயம் போய்விடும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள், அடைத்த குழலில் அழுத்தம் ஏறும். வெடிமருந்தின் அளவில், அச்சிட்ட ரீலோடிங் (தோட்டா தயாரிப்பு) கையேட்டை விட்டு நகராதீர்கள். குண்டை இன்னும் ஆழமாகப் பொருத்தினாலும் இந்தச் சிறிய கூட்டில் அழுத்தம் வேகமாக எகிறும்.

உருக்கும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அது நீராவியாக வெடித்து ஈயத்தை முகத்தில் தெளிக்கும், ஆகவே வியர்வைத் துளிக்கும் ஈரமான துண்டுகளுக்கும் பயப்படுங்கள். கை கழுவாமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நான் தவறாமல் செய்கிறேன்.

இன்றைக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், தயாராக இருக்கும் தோட்டாக்களில் மூன்றை உருவி அளந்து பாருங்கள்.