கேஷும் காசும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் ‘காசு’தான் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், அது லத்தீன் என்று அங்கேயே மறுத்துவிட்டாள். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

பர்ஸில் இருக்கும் கேஷைப் பொறுத்தவரை மகள் சொல்வதுதான் சரி. லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. இத்தாலியிலும் பிரெஞ்சிலும் உருமாறி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆரம்பத்தில் பணப்பெட்டிக்குத்தான் கேஷ் என்று பெயர். அப்புறம் உள்ளே இருந்த பணத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, பெட்டி மறந்துபோனது. நம் கடைகளில் ‘கல்லாவை எண்ணு’ என்றால் பெட்டியையா எண்ணுகிறார்கள்? மாத்திரைக் கேப்ஸ்யூலும் இதே வேர்தான்.

ஆனால் நீங்கள் முழுக்கத் தோற்கவில்லை. பெரிய ஆங்கில அகராதிகளில் ‘கேஷ்’ இரண்டு தனிச் சொற்களாக இருக்கும். இரண்டாவது கேஷ், தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்தின் பெயர். அது நம்முடையது. தமிழ்க் காசையோ அதன் கொங்கணி வடிவத்தையோ போர்ச்சுகீசியர் ‘கைஷா’ ஆக்க, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள் என்கிறது 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன், இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்கான அகராதி. வேடிக்கை என்னவென்றால், போர்ச்சுகீசிய மொழியில் ‘கைஷா’ என்றால் பெட்டி என்றும் பொருள். அதுவும் காப்ஸாவின் வாரிசுதான்! இரண்டு சொல்லும் ஒரே எழுத்தில் நின்றால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? வாட்ஸப்பை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசையும் ஐரோப்பியர் கேஷ் என்றே அழைத்தார்கள்.

மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப்படி 80 காசு ஒரு ‘பணம்’ (அன்றைய ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. 1818இல் ரூபாய் வந்து இதை ஓரங்கட்டியது. அதற்கு முன் 1808இல் கம்பெனி இங்கிலாந்தில் அடித்த செப்புக்காசுகளில் ரோமன் எண்ணில் 20 போட்டு, பக்கத்தில் ‘கேஷ்’ என்று பொறித்திருக்கும். அதாவது இருபது காசு. அவற்றை ஏற்றிக்கொண்டு மதராஸுக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரைக்கு அப்பால் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் அள்ளியெடுத்தார்கள். பழைய நாணயம் விற்பவர்களிடம் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவதானால் ‘கேஷ்’ என்ற எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கடலில் அரித்துப்போனவையும் அவற்றில் உண்டு.