ஸ்கேன் சொன்ன எட்டு வாரமும் கரு தங்கிய நாளும்

கேள்வி: யாங்கோனில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். கணவருக்கு மலேசியாவில் வேலை. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கும் சித்திரைப் பிறப்புக்குமாகச் சேர்த்து ஏப்ரல் 10 அன்று வந்தவர், 25 அன்று திரும்பிப் போனார். எனக்கு 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிலக்கு வரும். கடைசியாக வந்தது ஏப்ரல் 2. மே 28 அன்று எடுத்த ஸ்கேனில் 8 வாரக் கரு என்று எழுதிக் கொடுத்தார்கள். நாத்தனார் காலண்டரைப் பின்னால் புரட்டி எண்ணிவிட்டு, "எட்டு வாரத்துக்கு முன்னாடி அண்ணன் இங்கேயே இல்லையே" என்றார். அன்றிலிருந்து மாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஸ்கேன் தப்பாக இருக்குமா டாக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். ஸ்கேன் சரிதான். நீங்கள் சொல்லும் தேதிகளும் அதோடு அப்படியே பொருந்துகின்றன. நாத்தனார் எண்ணிய கணக்கில்தான் இரண்டு வாரம் இடிக்கிறது.

டாக்டர்கள் சொல்லும் 'எட்டு வாரம்' கரு உருவான நாளிலிருந்து எண்ணுவது இல்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. அந்த நாள்தான் பெண்ணுக்கு நிச்சயமாகத் தெரியும், கரு தங்கிய நாள் யாருக்கும் தெரியாது என்பதால் வந்த வழக்கம் இது. ஆகவே கணக்கின் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கரு என்று எதுவுமே கிடையாது. ஏப்ரல் 2 முதல் மே 28 வரை 56 நாள், சரியாக 8 வாரம். உங்கள் ஸ்கேன் சொல்வதும் அதைத்தான்.

28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குச் சினைமுட்டை ஏறக்குறைய 14ஆம் நாளில் வெளிவரும். உங்களுக்கு அது ஏப்ரல் 16ஐ ஒட்டி, ஊரெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நாட்களில். வெளிவந்த முட்டை ஒரு நாளுக்குமேல் தாங்காது. ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரைகூட உயிரோடு காத்திருக்கும். அப்படியானால் கரு தங்க வாய்ப்பிருந்த நாட்கள் ஏப்ரல் 11 முதல் 17 வரை. அந்த நாட்கள் முழுக்க உங்கள் கணவர் வீட்டில்தான் இருந்திருக்கிறார். மே 28 அன்று கருவின் உண்மையான வயது ஆறு வாரம்தான்.

ஸ்கேன் அறையில் நடப்பது இதுதான்: திரையில் கருவின் உச்சியில் ஒரு புள்ளி, அடியில் ஒரு புள்ளி வைத்து இடையிலுள்ள நீளத்தை அளப்பார்கள். எட்டு வாரக் கரு சுமார் 16 மில்லிமீட்டர், ஒரு மொச்சைக்கொட்டை அளவு. அந்த நீளத்தை வைத்து மெஷினே வாரத்தைக் கணக்கிடுகிறது, அதுவும் மாதவிலக்குக் கணக்கில்தான். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் இந்த அளவு ஐந்து முதல் ஏழு நாள்தான் முன்பின் இருக்கும். பிறகு குழந்தைக்குக் குழந்தை வளர்ச்சி மாறும் என்பதால், பின்னால் எடுக்கும் ஸ்கேனில் வேறு வாரம் வந்தாலும் இந்த முதல் தேதியை மாற்றக் கூடாது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மாதவிலக்கு தள்ளிப் போகிறவர்களுக்கு இந்த 14ஆம் நாள் கணக்கு பொருந்தாது. 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு முட்டை 21ஆம் நாள் வாக்கில்தான் வரும். கரு ஒட்டும்போது கொஞ்சமாகப் படும் ரத்தத்தை மாதவிலக்கு என்று நினைத்து, ஒரு மாதம் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் ஸ்கேன்தான் துணை. ஆனால் எந்த ஸ்கேனும் 'இந்த நாள், இந்த இரவு' என்று விரல் வைத்துக் காட்டாது. அதை வைத்து ஒரு பெண்ணை விசாரிப்பது பெரிய கொடுமை.

டாக்டர் ஆன புதிதில் நானும் 'எட்டு வாரம்மா' என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டவள்தான். ஒரு பெண் மறுவாரம் அழுத கண்ணோடு வந்து உட்கார்ந்தார், உங்கள் கதையேதான். அன்றிலிருந்து வாரத்தைச் சொன்ன கையோடு, 'இதில் முதல் இரண்டு வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்' என்று கூட வந்தவர்கள் காதிலும் விழும்படி சொல்கிறேன்.

மாமியாருக்குப் புரிய ஒரு வழி இருக்கிறது. நம் பெரியவர்கள் 'பத்து மாதம் சுமந்து' என்கிறார்கள். பர்மியரும் ஒன்பது மாதம் சுமந்து பத்தில் பெறுவதாகத்தான் சொல்வார்கள். 28 நாள் மாதமாக எண்ணினால் பத்து மாதம் 280 நாள், டாக்டர்களின் கணக்கும் அதேதான். கரு தங்கிய நாளிலிருந்து எண்ணினால் 266தான் வரும். ஏப்ரல் 2லிருந்து 280 நாள் எண்ணினால் ஜனவரி 7, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால். அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் குறைவு, முன்பின் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடாதீர்கள். ரத்தம் பட்டாலோ அடிவயிறு சுருக்கென்று வலித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உறுப்புகளைப் பார்க்கும் அடுத்த ஸ்கேன் 20 வாரம் வாக்கில், அதாவது ஆகஸ்ட் 20ஐ ஒட்டி. அன்று மாமியாரையும் கூட்டிப் போங்கள். அதுவரை காத்திருக்க மனம் கேட்காவிட்டால், காலண்டரில் ஏப்ரல் 16ஐப் பென்சிலால் வட்டமிட்டு, அங்கிருந்து மே 28 வரை நாத்தனாரையே எண்ணச் சொல்லுங்கள். ஆறு வாரம் வரும்.